கிணற்று நீர்மட்டம்: இறங்கும் வாரங்களுக்கு மட்டும் எக்செல்லில் போக்குக்கோடு போடுவது எப்படி?

மாசிப்பட்டத்தில் உளுந்து போடுவதா, நிலக்கடலை போடுவதா என்பதைப் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து எக்செல்லில் பதிந்து வைத்திருந்தால், தண்ணீர் எத்தனை வாரம் தாங்கும் என்று ஓரளவு கணக்கிடலாம். காலையில் மோட்டார் போடுவதற்கு முன், தரைமட்டத்திலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று அளக்க வேண்டும். மோட்டார் ஓடிய பிறகு எடுத்த அளவு இதற்கு உதவாது.

பலரும் செய்வது, மொத்தப் பதிவுக்கும் ஒரே போக்குக்கோடு (ட்ரெண்ட்லைன்) போடுவது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் கிணறு ஏறும். ஜனவரிக்குப் பிறகு இறங்கும். இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும். தண்ணீர் அவ்வளவாக இறங்கவில்லை என்று கோடு காட்டும். அதை நம்பி நீண்ட நாள் பயிர் போட்டால், காய் பிடிக்கும் நேரத்தில் கிணறு கைவிட்டுவிடும்.

ஒரு வரிசையின் பாதிக்கு மட்டும் போக்குக்கோடு போட எக்செல்லில் நேரடி வழி இல்லை. அந்தப் பகுதியைத் தனி வரிசையாக்க வேண்டும். முதல் பத்தியில் வார எண், இரண்டாவதில் நீர்மட்டம் இருக்கட்டும். மூன்றாவது பத்தியில், ஜனவரி முதல் வாரத்திலிருந்து உள்ள அளவுகளை மட்டும் அதே வரியில் நகலெடுத்துப் போடுங்கள். அதற்கு மேலுள்ள கட்டங்கள் காலியாகவே இருக்க வேண்டும். 0 என்றோ சிறுகோடோ போடக்கூடாது. சிறுகோட்டையும் எக்செல் 0 ஆகவே வரைந்துவிடும்.

மூன்று பத்திகளையும் தேர்ந்தெடுத்து, 'இன்சர்ட்' பகுதியில் 'ஸ்கேட்டர்' வரைபடத்தைச் சொடுக்குங்கள். 'லைன்' வரைபடம் வேண்டாம். ஒரு வாரம் அளக்க விட்டுப்போய் அந்த வரியே இல்லாவிட்டாலும், அது புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்துவிடும். பிறகு மூன்றாவது பத்தியின் புள்ளி ஒன்றில் வலது சொடுக்கு செய்து 'ஆட் ட்ரெண்ட்லைன்', அதில் 'லீனியர்' என்று கொடுங்கள். 'டிஸ்ப்ளே ஈக்வேஷன் ஆன் சார்ட்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் சமன்பாடு தெரியும். கூகுள் ஷீட்ஸிலும் இதே முறைதான். சார்ட் எடிட்டரில் 'சீரிஸ்' பகுதிக்குப் போய், மூன்றாவது பத்தியின் வரிசையைத் தேர்ந்தெடுத்து 'ட்ரெண்ட்லைன்' டிக் செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அக்டோபர் முதல் வாரம் 1 என்றால் ஜனவரி முதல் வாரம் 14. பிப்ரவரி நடுவில், 20-வது வாரத்தில், சமன்பாடு 1.2 பெருக்கல் வார எண், கழித்தல் 1.6 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 1.2 அடி இறங்குகிறது என்று பொருள். இப்போது மட்டம் 22.4 அடி. ஃபுட் வால்வு 40 அடியில் இருந்து, அதற்கு மேல் 2 அடி தண்ணீராவது நிற்க வேண்டுமென்றால் எல்லை 38 அடி. அது 33-வது வாரத்தில், அதாவது இன்னும் 13 வாரத்தில் வரும். 65 முதல் 75 நாள் உளுந்துக்கு இது போதும். சுமார் 105 நாள் நிலக்கடலைக்குப் போதாது.

இந்த 13 வாரமும் முழுதாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். விதைத்த பிறகு இறைப்பு கூடும், வெயிலும் ஏறும். பாறைக் கிணறுகளில் மேல் ஊற்றுகள் நின்றபின் மட்டம் சட்டென்று இறங்கும். ஆகவே இரண்டு வாரத்தைக் குறைத்தே கணக்கிடுவது நல்லது. மூன்று நான்கு அளவுகளை வைத்துக் கோடு போடுவதும் வீண். ஆறேழு வாரமாவது வேண்டும்.

நடுவில் கோடை மழை பெய்து மட்டம் ஏறினால் பழைய கோட்டை விட்டுவிடுங்கள். மறுபடி இறங்கத் தொடங்கும் வாரத்திலிருந்து நான்காவது பத்தி ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தனியாகக் கோடு போட வேண்டும்.