வாக்குமூலமும் மகஜரும்: காவல் நிலைய ஒப்புதலின் சட்ட வரலாறு (1855–2024)

சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை அளித்தது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். முந்தைய ஆண்டு லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதமே அதற்குத் தூண்டுதல். ஏறத்தாழ இரண்டாயிரம் முறையீடுகள் வந்தன. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள், உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் போட்டார்கள், கண்ணில் மிளகாயை அப்பினார்கள் என்று குடிகள் வந்து சொன்னார்கள். வரிபாக்கி வசூலுக்காகவும் இது நடந்தது, திருட்டு, கொலை வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடந்தது.

இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஆட்கள் என்பதுதான் அறிக்கையில் கவனிக்க வேண்டிய செய்தி. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறை, தாசில்தாரையே தாலுகா போலீசின் தலைவராக்கியிருந்தது. வரி கேட்டு வந்தவர் கையில்தான் கைது செய்யும் அதிகாரமும் இருந்தது. ஆணையம் இதைச் சரியாகவே கண்டது. ஆனால் பழியைச் சுதேசிச் சேவகர்கள் மீது சுமத்திவிட்டு வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ இதழில் 1857-இல் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்து எழுதியபோது அந்த விடுவிப்பை ஏற்கவில்லை. வரியின் அளவை நிர்ணயித்தவர்கள் யார் என்று கேட்டால் மார்க்ஸ் பக்கமே நியாயம் இருப்பது தெரியும்.

அறிக்கைக்குப் பின் மாற்றங்கள் வேகமாக வந்தன. 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் வருவாய்த் துறையிலிருந்து போலீசைப் பிரித்தது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 330-ஆம் பிரிவில், ஒப்புதல் பெறுவதற்காகக் காயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் போலீஸ் அதிகாரியும் வருவாய் அதிகாரியும் ஜமீன்தாரும் வரிசையாக நிற்கிறார்கள். 1861-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டமோ, போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றது. இங்கிலாந்துச் சட்டத்தில் இவ்வளவு கண்டிப்பான தடை கிடையாது. ஆட்சியாளர்கள் தாங்கள் அமைத்த போலீசையே நம்பவில்லை என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். அந்த விதிகளை 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27-ஆம் பிரிவுகளாக்கினார்.

சிக்கல் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்போடு தொடர்புடைய அளவுக்கு அந்தச் சொல் சாட்சியமாகும். பொருள் கிடைத்துவிட்டதால் சொன்னது பொய்யாக இருக்காது என்பது இதன் தர்க்கம். சொல்ல வைத்த முறை என்ன என்ற கேள்வி இந்தத் தர்க்கத்துக்குள் வருவதே இல்லை. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற புலுகுரி கோட்டய்யா வழக்கில் 1946 டிசம்பரில் பிரிவி கவுன்சில் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. கத்தி இருந்த இடமும், அது அங்கே இருந்தது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியும் என்பதும் மட்டுமே கண்டெடுப்பாகும், ‘இதனால்தான் குத்தினேன்’ என்ற சொல் ஆகாது. இன்றும் அமர்வு நீதிமன்றங்களில் வாக்குமூலத்தின் ‘அனுமதிக்கத்தக்க பகுதி’ என்று தனியே குறியிடுவது அந்தத் தீர்ப்பின் வழியில்தான்.

அரசமைப்புச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது இந்த வாசல் அடைபட்டிருக்கலாம். குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20(3)-ஆம் உறுப்பு. ஆனால் 1960-இல் தேவமன் உபாத்யாயா வழக்கில் 27-ஆம் பிரிவு சமத்துவத்துக்கு முரணானது அல்ல என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். அடுத்த ஆண்டே காதி காலு ஒகாட் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்ந்து, காவலில் இருந்தார் என்பதாலேயே கட்டாயப்படுத்தப்பட்டார் என்று கொள்ள முடியாது, கட்டாயம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றார்கள். காவல் அறையில் நடந்ததை, அங்கே தனியாக இருந்தவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள். இந்த வரலாற்றில் உரிமை பெரிதும் தளர்ந்த இடம் இதுவே என்பது என் கணிப்பு. 1978-இல் நந்தினி சத்பதி வழக்கு மௌனம் காக்கும் உரிமையைக் காவல் நிலையம் வரை கொண்டுசென்றது. 2010-இல் செல்வி வழக்கு, சம்மதமின்றி நார்கோ சோதனை நடத்துவதைத் தடுத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பும், விரும்பி உட்படும் சோதனையின் உதவியால் கிடைத்த பொருளை 27-ஆம் பிரிவின் கீழ் ஏற்கலாம் என்று விட்டுவைத்தது.

சிறப்புச் சட்டங்கள் போலீஸ் ஒப்புதலுக்கு இருந்த தடையையே நீக்கின. பயங்கரவாதத் தடுப்புக்கென வந்த 1987-ஆம் ஆண்டின் தடா சட்டத்தில் 15-ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் பதியும் ஒப்புதலைச் சாட்சியமாக்கியது. 1994-இல் கர்தார் சிங் வழக்கில் அது செல்லும் என்று தீர்ப்பானது. விளைவைத் தமிழகம் நன்கு அறியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தடா குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. ஆனாலும் தடாவின் கீழ் பதிந்த ஒப்புதல்களைக் கொலைக் குற்றத்துக்குச் சாட்சியமாக ஏற்றது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த மத்தியப் புலனாய்வு அதிகாரி, வாங்கித் தந்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக ஓய்வுக்குப் பின் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார்.

சாதாரண வழக்குகளில் தடை இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றி ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சரணடைந்து ஒப்புக்கொண்டார், அவர் அதை எழுதிக்கொண்டு ஆளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார் என்று எத்தனையோ கொலை வழக்குகள் தொடங்குகின்றன. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபின் வந்த இந்த அலுவலர், கிராம மாஜிஸ்திரேட் அல்ல; எனவே கிராம மாஜிஸ்திரேட் ஒப்புதலைப் பதியக் கூடாது என்ற விதி அவருக்குப் பொருந்தாது என்று சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பொருள் கைப்பற்றும் மகஜரிலும் அவரும் தலையாரியும்தான் பெரும்பாலும் சாட்சிகள். போலீசிலிருந்து பிரிக்கப்பட்ட வருவாய்த் துறை, போலீஸ் காகிதத்துக்குச் சாட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது.

தடையால் இயன்றதுகூட ஓரளவுதான். அது காகிதத்தைத் தள்ளுகிறது, அடித்தவரைத் தொடுவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. ஒப்புதலே தேவைப்படாத இடத்தில் சாட்சியத் தடை யாரையும் தடுக்காது. இதற்கான மருந்தை 1985-இலேயே சட்ட ஆணையம் தன் 113-ஆம் அறிக்கையில் எழுதியது. காவலில் இருந்தவருக்குக் காயம் இருந்தால், காவலில் வைத்திருந்த அதிகாரியே அதை ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என ஒரு புதிய பிரிவை அது பரிந்துரைத்தது. 1994-இலும் 2017-இலும் ஆணையம் இந்தக் கருத்தைத் திரும்ப வலியுறுத்தியது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதற்கு ஏற்புறுதி தரவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் காலாவதியாகிவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் பழைய மூன்று பிரிவுகளையும் 23-ஆம் பிரிவில் ஒன்றாக்கியிருக்கிறது. 27-ஆம் பிரிவு அதன் வரம்புரையாகத் தொடர்கிறது. சட்ட ஆணையம் கேட்ட அனுமானப் பிரிவு சேர்க்கப்படவில்லை.

சட்ட முதுநிலை ஆய்வேடுகள் பலவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுப்பதோடு நின்றுவிடுகின்றன. இந்தப் பொருளை எடுக்கும் மாணவர்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றங்களின் பதிவறைகளுக்குப் போக வேண்டும். ஒரே மாவட்டத்தில் பத்தாண்டுக் கொலை வழக்குகளின் மகஜர்களை எடுத்து, யார் சாட்சி, எந்த நேரம், எந்த இடம், எத்தனை பேர் பிறழ்சாட்சி ஆனார்கள் என்று எண்ணிப் பார்த்தால், 27-ஆம் பிரிவு உண்மையில் எப்படி இயங்கியது என்பது ஆதாரத்தோடு தெரியவரும்.