யூதர் குடும்பப் பெயர்கள்

எபிரேய மரபில் ஒருவனை அறியத் தந்தையின் நாமமே போதுமானதாயிருந்தது. இன்னார் குமாரன் இன்னார் என்ற வழக்கே நெடுங்காலம் நிலவ, எருசலேம் ஆலயத்தின் புரோகித வம்சத்தாருக்குரிய கோஹேன், அவர்களுக்குத் துணைநின்ற கோத்திரத்தாருக்குரிய லேவி ஆகிய பெயர்களே பரம்பரையாகத் தொடர்ந்து, பிற்காலத்தில் குடும்பப் பெயர்களாயின. மத்திய ஐரோப்பிய யூதர் பலர் நிலையான குடும்பப் பெயரை ஏற்றது, ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் 1787இலும் நெப்போலியன் 1808இலும் பிறப்பித்த ஆணைகளாலேயாம்.

பாரதத்தில் இவ்வரலாறு வேறு விதமாகவும், என் கருத்தில் இன்னும் ரசமாகவும் நடந்தது. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழுப் பட்டமும் 72 உரிமைகளும் அருளிய யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானின் பெயர், வட்டெழுத்துச் செப்பேட்டில் இஸ்ஸுப்பு இறப்பான் என நம் நாவுக்கிசைந்த ஓசையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. சென்னையில் 17ஆம் நூற்றாண்டில் வைர வாணிகம் செய்த பைவா, ரோட்ரிக்ஸ் முதலிய குடும்பங்களின் பெயர்களிலோ எபிரேயமே இல்லை. போர்ச்சுகலில் 1497இல் நிகழ்ந்த கட்டாய ஞானஸ்நானத்துக்குப் பின் யூதர் தாங்கவேண்டியிருந்த அந்நாட்டுப் பெயர்கள் அத்தகையவை.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்குவதும், சேலம் விஜயராகவாச்சாரியார் என்றும், மோகனூரில் பிறந்த இராமலிங்கம் பிள்ளையை நாமக்கல் கவிஞர் என்றும் ஊரால் அழைப்பதும் பழகிய நம் சீமையார்க்கு, கொங்கணக் கரையில் செக்காட்டி, சனிக்கிழமை ஓய்வு காத்தமையால் ‘சனிவார் தேலி’ எனப்பட்ட பெனே இஸ்ரவேல் யூதரின் முறை உறவுமுறைபோல் தோன்றும். சாமுவேல் சாமாஜியாகவும் எசேக்கியேல் ஹஸ்ஸாஜியாகவும் மராத்தி உருக்கொள்ள, பேண் கிராமத்தார் பேண்கர் என்றும், ரோஹா ஊரார் ரோஹேகர் என்றும் வழங்கப்பெற்றனர். கும்பினிப் படையில் பணியாற்றியவரும், மைசூர் யுத்தத்தில் திப்புவிடம் சிறைப்பட்டு மீண்டவர் என அச்சமூகத்தார் போற்றுபவருமான சாமாஜி ஹஸ்ஸாஜி திவேகர், 1796இல் பம்பாயின் முதல் யூத ஜெபாலயத்தைக் கட்டினார். எபிரேய நாமம், தந்தையின் நாமம், திவே என்ற கிராமம் ஆகிய மூன்றும் அவர் ஒருவர் பெயரிலேயே அடங்கின.

இச்சமூகத்தின் சரித்திரத்தை விரிவாக எழுதிய ஹயீம் சாமுவேல் கெஹிம்கரும் அம்முறையே பெயர் கொண்டவர். கெஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தின் நினைவைத் தாங்கிய அப்பெயருடன், அவர் 1897இல் எழுதி முடித்த நூல், 1937இல் டெல் அவிவ் நகரத்தில் அச்சேறியது.