மாந்தோவா: உணவுப் பெயர்களில் தங்கிய வரலாறு

வட இத்தாலியின் மாந்தோவா நகரை மூன்று புறமும் ஏரிகள் சூழ்ந்துள்ளன. இவை மனிதர் அமைத்தவை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பெர்த்தோ பிதெந்தினோ என்னும் பொறியாளர் மின்சியோ ஆற்றைத் தடுத்து, சதுப்பு நிலத்தை நகருக்கு அரணாகும் ஏரிகளாக மாற்றினார்.

1328 முதல் 1707 வரை இந்நகரை ஆண்டவர்கள் கொன்சாகா மரபினர். கலைகளைப் போற்றிய அம்மரபு கடனில் மூழ்கியது. 1627–28இல் அதன் ஓவியச் சேகரிப்பின் பெரும்பகுதி இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசுக்கு விற்கப்பட்டது. 1630இல் பேரரசுப் படைகள் நகரைச் சூறையாடின, கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டது.

அதன் பின்னரும் அரசவையின் ஆடம்பரம் குறையவில்லை. முடிதுறந்த ஸ்வீடன் அரசி கிறிஸ்தீனாவுக்கு 1655 நவம்பரில் அளித்த விருந்து, பருவமில்லாப் பருவத்தில், வெள்ளை ஒயினில் கழுவிய ஸ்ட்ராபெரிப் பழங்களுடன் தொடங்கியது. அரசவைச் சமையற்காரர் பார்த்தொலொமேயோ ஸ்தேஃபானி 1662இல் வெளியிட்ட சமையல் நூலில் இவ்விருந்தைப் பதிவு செய்துள்ளார்.

உழைப்பவர் உண்டதை இவ்வாறு எழுதிவைப்பார் அரிது. அவர்களின் வரலாற்றை உணவுப் பெயர்களில்தான் தேட வேண்டும். மாந்தோவாவில் இன்றும் விரும்பி உண்ணப்படும் ‘ரீசோ அல்லா பிலோத்தா’ என்னும் சோறு ஒரு சான்று. ‘பீலா’ என்பது நெல் குற்றும் உரல். அங்கு வேலை செய்தவர் ‘பிலோத்தா’. கொதிநீரில் அரிசியைக் கூம்பாகக் குவித்து, கிளறாமல் மூடி வேகவைத்து, பன்றியிறைச்சி சேர்ப்பார்கள். இடையிடையே கிளறும் பணியில்லாத இம்முறை வேலைக்களத்திற்கு ஏற்றது. சோறும் குழையாமல் பொலபொலவென்று இருக்கும்.

‘ஸ்பிரிசோலோனா’ மற்றொரு சான்று. வட்டார வழக்கில் ‘பிரீசா’ என்றால் துணுக்கு. மக்காச்சோள மாவு, பன்றிக்கொழுப்பு, பாதாம் கொண்டு செய்யும் இப்பண்டத்தைக் கத்தியால் வெட்டுவதில்லை. கையால் உடைத்து உண்பார்கள். உடைந்து உதிரும் துணுக்குகளே இதன் பெயருக்குக் காரணம்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவில் உண்ணும் ‘தொர்த்தெல்லி’ இரு உலகங்களையும் இணைக்கிறது. மாவுப் பொதிக்குள், தோட்டத்துப் பூசணியோடு பாதாம் பிஸ்கட் தூளும் கடுகின் காரமேறிய பழப்பாகும் பாலாடைக்கட்டியும் கலந்திருக்கின்றன.

இன்றைய இத்தாலியில் ‘பிலோத்தா’ என்றால் விமானி. நெல் குற்றியவரைக் குறித்த பழைய பொருளை மாந்தோவாவின் ஒரு தட்டுச் சோறு இன்னும் காத்துவருகிறது.