சிறை வாசலில் ஒரு பலகை

சுசீந்திரத்துக்கும் நாகர்கோவில் மாவட்டச் சிறைக்கும் அதிகத் தொலைவில்லை. கைதான தோழரைப் பார்க்கப் புறப்படும் இளைஞர்கள் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணே, போன உள்ள கொண்டு போலாமா?"

கூடாது. போன் மட்டுமல்ல, ஸ்மார்ட் வாட்ச், இயர்போன், பென் டிரைவ், கேமரா எதுவும் கூடாது. ஆனால் எந்தச் சட்டப்படி என்று தெரிந்து போவது வேறு, தெரியாமல் வாசலில் கைகட்டி நிற்பது வேறு.

அடிப்படைச் சட்டம் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். செல்போன் என்ற சொல்லே பிறக்காத காலம். அதன் 42ஆவது பிரிவு, தடை செய்யப்பட்ட பொருளை உள்ளே கொண்டுபோனால் 6 மாதம் வரை சிறை, 200 ரூபாய் வரை அபராதம் என்றது. கவனியுங்கள்: விதியை மீறிக் கைதியோடு தொடர்பு கொள்வதும் அதே பிரிவில் குற்றம்தான். வெள்ளைக்காரன் பொருளுக்கு மட்டும் அஞ்சவில்லை, சேதிக்கும் அஞ்சினான். 2023இல் ஒன்றிய அரசு தயாரித்த மாதிரிச் சிறைச் சட்டம் கைதியோ பார்வையாளரோ செல்போனோடு பிடிபட்டால் 3 ஆண்டு வரை தண்டனை என்கிறது. அது மாதிரிச் சட்டம்தான். மாநிலம் ஏற்றால்தான் செல்லும். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறதல்லவா?

சரி, போன் இல்லாமல் உள்ளே நடப்பதை வெளியே எப்படிச் சொல்வது? நம் வரலாற்றைப் பாருங்கள்.

1924இல் வைக்கம் கோயில் தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டப் போனவர்களைச் சிறையில் அடைத்தார்கள். பெரியார் இருமுறை சிறை சென்றார். திருவனந்தபுரம் சிறையில் அவருக்குக் காலில் விலங்கிட்டு, கைதித் தொப்பி மாட்டி, சாதாரணக் குற்றவாளிகளைப் போல வேலை வாங்கினார்கள். இது நமக்கு எப்படித் தெரியும்? உடன் சிறையிலிருந்த கே.பி. கேசவமேனன் பார்த்தார், நினைவில் வைத்தார், எழுதினார். கேமரா இல்லை, சாட்சி இருந்தது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1926இல் டாக்டர் எம்.இ. நாயுடு போன்றோர் முன்னின்று சுசீந்திரம் கோயில் தெருக்களுக்காகச் சத்தியாகிரகம் நடத்தினார்கள். 1930இல் மீண்டும் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது.

தெருவில் இருந்த பலகை போனது. சிறைக்குள் சாதி போகவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி பார்த்து வேலை தருவதும் சாதி பார்த்து அடைப்பதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது; பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்த விவகாரமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. ஒரு பத்திரிகையாளர் விசாரித்து எழுதியதில் தொடங்கிய வழக்கு இது.

ஆகவே தோழர்களே, போனை ஒளித்து எடுத்துப்போய் வீரம் காட்ட வேண்டாம். நீங்கள் மாட்டினால், உள்ளே இருப்பவரின் சந்திப்பும் போகும். போனை வீட்டிலோ நம்பிக்கையானவரிடமோ விட்டுச் செல்லுங்கள். வழக்கறிஞர் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோழர் சொன்னதை வெளியே வந்தவுடன் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். அடித்திருந்தால், சாதி சொல்லி வேலை வாங்கியிருந்தால், உடனே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். காவல் நீட்டிப்பின்போது மாஜிஸ்திரேட்டிடம் தோழரே சொல்லலாம்.

பார்க்க விடுவது அதிகாரி போடும் பிச்சையல்ல. குடும்பத்தையும் வழக்கறிஞரையும் சந்திப்பது வாழும் உரிமையின் பகுதி என்று 1981இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1894 சட்டத்தின் 44ஆவது பிரிவு, எவையெல்லாம் குற்றம், என்ன தண்டனை என்று ஆங்கிலத்திலும் மக்கள் மொழியிலும் எழுதிச் சிறைக்கு வெளியே பார்வையில் படும்படி மாட்டச் சொல்கிறது. நம் தாத்தா, பாட்டிகளைத் திருப்பி அனுப்பத் தெருவில் ஒரு பலகை இருந்தது. இந்தப் பலகை, அதிகாரி தன் இஷ்டத்துக்கு விதி சொல்லாமலிருக்க இருக்க வேண்டியது. அடுத்த முறை போகும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.

ஜெய் பீம்.