கார் ஷெட்டில் ஒரு காலேஜ்!

பல் வலி வந்தால்தான் நமக்குப் பல் டாக்டர் ஞாபகமே வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் இதே கதைதான். வலித்தால் போவார்கள். டாக்டர் அடைப்பார், அல்லது பிடுங்கிப் போடுவார்.

கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்றொரு ஊர். அங்கே பல் டாக்டராக இருந்த ஆல்ஃப்ரெட் ஃபோன்ஸுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. பல்லில் படியும் காரையை அவ்வப்போது சுரண்டி எடுத்துவிட்டால், வியாதி வருமுன்பே தடுக்கலாமே! சரி, அதை யார் செய்வது? டாக்டருக்கு ஏது நேரம்?

தன்னிடம் உதவியாளராக இருந்த உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனைக் கூப்பிட்டார். பிடுங்கிப்போட்ட பற்களை வைத்தே தொழில் பழக்கினார். 1906-ல் ஐரீன் நோயாளிகளுக்குப் பல் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் பட்டம் இல்லாத பெண் வாய்க்குள் கை வைப்பதா? இந்தக் கேள்வி லேசுப்பட்டதல்ல. ஓஹியோ மாநிலத்தில் 1910-ல் ஆரம்பித்த இதே மாதிரியான ஒரு பயிற்சி, பல் டாக்டர்களின் எதிர்ப்பால் நாலே வருஷத்தில் மூடப்பட்டது.

ஃபோன்ஸ் அசரவில்லை. 1913 நவம்பரில், தன் கிளினிக்கை ஒட்டியிருந்த கார் ஷெட்டையே வகுப்பறையாக்கினார். பாடம் நடத்த யேல், ஹார்வர்ட் ஆசாமிகள்! படிக்க வந்தவர்களோ பள்ளி ஆசிரியைகள், நர்ஸுகள், பல் டாக்டர்களின் மனைவிகள். 1914-ல் 27 பெண்கள் தேறினார்கள். அவர்களில் பலர் நேராகப் போனது பிரிட்ஜ்போர்ட் பள்ளிக்கூடங்களுக்கு. பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்தார்கள். பிரஷ் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள்.

'டென்டல் நர்ஸ்' என்ற பெயரை ஃபோன்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. நர்ஸ் என்றால் நோய் ஞாபகம் வருமாம். இவர்கள் வேலை ஆரோக்கியமாச்சே! அதனால் 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' என்று வைத்தார். 1915-ல் சட்டம் வந்தது. 1917-ல் உலகின் முதல் லைசென்ஸ் ஐரீன் கையில். வேலையைத் தொடங்கி பதினோரு வருஷம் கழித்து!

நம் நாட்டில்? 1948-ஆம் வருஷத்து டென்டிஸ்ட்ஸ் சட்டத்திலேயே ஹைஜீனிஸ்ட்டுக்குத் தனிப் பதிவேடு உண்டு. ஆனாலும் அப்படியொரு படிப்பு இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அது கிடக்கட்டும். நீங்கள் கடைசியாகப் பல் டாக்டரிடம் போனது எப்போது... வலித்தபோதா, வலிக்காதபோதா?