பத்து நாள் லீவு

1885 நவம்பர் 29. பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை ஆங்கிலேயர்கள் மாண்டலே அரண்மனையிலிருந்து வெளியே கொண்டுவந்து, மாட்டுவண்டியில் ஏற்றி, ஐராவதி ஆற்றங்கரைக்கு ஓட்டிப் போனார்கள். கரையில் கப்பல் தயாராக நின்றது. முதலில் ரங்கூன், பிறகு கடல் தாண்டி மெட்ராஸ். சில மாதங்கள் மெட்ராஸில் வைத்திருந்துவிட்டு, கொங்கணக் கடற்கரையில் இருக்கும் ரத்னகிரிக்கு அனுப்பிவைத்தார்கள். 1916-இல் அங்கேயே செத்துப்போனார். இந்தக் கதையில் மன்னருக்கு வேலை இவ்வளவுதான். அவர் விட்டுப்போன காலி நாற்காலியைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரு பிக்குவிடமிருந்துதான் கதை தொடங்குகிறது.

பர்மாவில் மன்னர் என்றால் ஆட்சிக்கு மட்டும் தலைவரல்ல. மதத்துக்கும் அவர்தான் காவல். மடாலயங்களுக்குச் சோறு போட்டதும், பிக்குகளுக்குப் பரீட்சை வைத்ததும் அரண்மனைதான். இனி அதையெல்லாம் யார் செய்வது? வெள்ளைக்காரத் துரைக்கு அதில் அக்கறை இல்லை. மாண்டலேயில் பாலி மொழி கற்பித்துக்கொண்டிருந்த அந்தப் பிக்குவுக்கு அதற்கு முன்பே ஒரு பேரிழப்பு நேர்ந்திருந்தது. 1880-களின் தொடக்கத்தில் மடாலயத்தில் தீப்பிடித்து, அவர் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் சாம்பலாகியிருந்தன. தலைநகரை விட்டு மோனிவா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தவர், பக்கத்திலிருந்த லெடி காட்டுக்குள் போய் உட்கார்ந்தார். காட்டின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது: லெடி சயடாவ். சயடாவ் என்றால் பெரிய குருத்துறவி.

அவர் செய்த முதல் காரியம் வேடிக்கையானது. மாட்டுக்கறி தின்னாதீர்கள் என்று ஊர் ஊராக ஒரு கடிதம் எழுதினார். அடுத்த காரியம்தான் பெரிது. மதத்தைக் காக்க மன்னர் இல்லையென்றால், உழவனும் வண்டிக்காரனும் கடைக்காரியும் காக்கட்டும் என்று முடிவு கட்டினார். பண்டிதர்கள் மட்டும் படித்துவந்த தத்துவத்தை எளிய பர்மிய மொழியில் எழுதித் தள்ளினார். கூடவே தியானத்தையும் வீட்டுக்காரர்களுக்குத் திறந்துவிட்டார். பர்மாவில் இதெல்லாம் காலம்காலமாக நடந்ததுதானே என்று இன்று தோன்றும். உண்மையில் அந்தக் காலத்தில் பெரும்பாலான பிக்குகளே தியானம் செய்ததில்லை. காட்டுத் துறவிகள் சிலரின் வேலை அது என்று இருந்ததை, சம்சாரிகள் கையில் கொடுத்தார் லெடி சயடாவ். சம்சாரிகள் அதை வாங்கிக்கொள்ள வேண்டுமே!

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் பியாவ்ப்வேஜி என்று ஒரு நெல் விளையும் கிராமம். அங்கே போ தெட் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். அம்மா சுட்டுக் கொடுத்த பலகாரத்தைத் தெருத்தெருவாக விற்றவர். கூவி விற்கவும் கூச்சப்பட்ட பையன் வளர்ந்து, அரிசி ஆலையில் வேலை பார்த்து, நிலபுலன் வாங்கி, முப்பது வயதில் ஊரில் மதிப்பான ஆளாகியிருந்தார். 1903 வாக்கில் ஊருக்குள் காலரா நுழைந்தது. சில நாள் இடைவெளியில் மகனையும் மகளையும் தூக்கிக்கொண்டு போனது.

போ தெட் இடிந்துபோனார். சாவு தொடாத ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதா என்று தேட வீட்டைவிட்டுக் கிளம்பினார். பல ஆசிரியர்களிடம் போனார். கடைசியில் லெடி சயடாவின் காலடியில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இருந்தார். துக்கம் தாங்காமல் ஓடியவர் காவி கட்டியிருக்க வேண்டும். கதைகளில் அப்படித்தான் நடக்கும். இவர் கட்டவில்லை. ஊருக்கே திரும்பி வந்து, வயல்பக்கக் குடிசையில் உட்கார்ந்து, 1914-இல் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். லுங்கி கட்டிய விவசாயி தியானம் கற்பிப்பதா என்று ஊர் முகம் சுளித்தது. லெடி சயடாவோ அவரைத் தன் பெருஞ்சீடர் என்று அழைத்து, ஆறாயிரம் பேருக்காவது சொல்லிக்கொடு என்றார் என்று சீடர் பரம்பரையில் சொல்வார்கள். போ தெட் ‘சயா தெட்ஜி’ ஆனார். சயா என்றால் வாத்தியார். ஆனால் ஆற்றைக் கடந்து நகரத்துக்குப் போக அந்த வித்தைக்கு இன்னும் ஒரு தோணி வேண்டியிருந்தது. அது ஒரு சர்க்கார் குமாஸ்தாவின் உருவத்தில் வந்தது.

ஊ பா கின் ரங்கூனில் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்து ஊழியர். ஏழைக் குடும்பம். படிப்பில் கெட்டிக்காரர், ஆனாலும் கல்லூரிக்குப் போக வழியில்லாமல் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு சர்க்கார் கணக்குக்கு வந்தவர். 1937 ஜனவரி முதல் தேதி, சயா தெட்ஜியிடம் படித்த ஒருவர் அவரைச் சந்தித்து, மூச்சைக் கவனிக்கும் முறையைச் சொல்லிக் காட்டினார். கண்ணை மூடிப் பார்த்த பா கின்னுக்கு ஆச்சரியம். மனம் நின்றது. ஒரே வாரம், அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். பத்து நாள் லீவு.

இந்தப் பத்து என்ற எண்ணை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். புத்தர் காலத்து ரகசியக் கணக்கு என்று இன்று பலர் நம்பும் அளவு அது. பழைய நாளில் இந்தப் பயிற்சி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீண்டது. குடும்பஸ்தனுக்கு, அதுவும் மேலதிகாரி உள்ள குடும்பஸ்தனுக்கு, அது கட்டுப்படியாகுமா? எந்தச் சுவடியையும்விட லீவு விண்ணப்பத்துக்குத்தான் இந்தக் கணக்கில் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். எப்படியோ, குமாஸ்தா ஆற்றைக் கடந்து பியாவ்ப்வேஜிக்குப் போனார், பத்து நாள் உட்கார்ந்தார், திரும்பி வந்து கோப்புகளைப் பிரித்தார். யாருக்கும் கற்றுக்கொடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து ரயில் பெட்டி ஒன்று தடத்தில் நிற்கும்வரை.

1941. ரயில்வே கணக்குகளைத் தணிக்கை செய்ய, பா கின் தனிப் பெட்டியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். மாண்டலேக்குத் தெற்கே சௌக்சே நிலையத்தில் பெட்டியைக் கழற்றி நிறுத்தினார்கள். வேலை ஓய்ந்த நேரத்தில் எதிரே தெரிந்த குன்றின்மேல் அவருக்கு ஒரு ஈர்ப்பு. ஸ்டேஷன் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு ஏறினார். அங்கே வெபு சயடாவ் என்ற துறவி இருந்தார். ஞானம் கைகூடியவர் என்று ஊரார் நம்பிய மனிதர்; அந்த நேரத்தில் யாரையும் பார்க்கமாட்டார் என்றார்கள். கதவுக்கு வெளியே நின்று வணக்கம் சொன்னார் பா கின். கதவு திறந்தது. கொஞ்சநேரம் பேசிப் பார்த்த துறவி, கற்றதை இனி மற்றவர்களுக்குக் கொடு, தள்ளிப்போடாதே என்றார்.

குன்றிலிருந்து இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் பிடித்துக்கொண்டார்: எனக்கே முதலில் சொல்லிக்கொடுங்கள்! நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டிக்குள், சாப்பாட்டு மேசைகளே ஆசனமாக, பா கின்னின் முதல் வகுப்பு நடந்தது. 1948 ஜனவரியில் பர்மா விடுதலை பெற்றபோது அவர் நாட்டின் அக்கவுண்டண்ட் ஜெனரல். 1950-இல் தன் அலுவலகத்திலேயே தியான சங்கம் அமைத்தார். 1952-இல் ரங்கூன் இன்யா மியாயிங் சாலையில் சின்னதாக ஒரு மையம் எழுப்பினார். வந்தவர்களில் பலர் அவருடைய அலுவலகத்து ஆட்கள். லஞ்சமும் சோம்பலும் மலிந்த இலாகாவைத் தியானத்தால் திருத்தலாம் என்று நம்பிய கணக்கதிகாரி அவர். அப்படியே போயிருந்தால் இந்த வித்தை ரங்கூன் கணக்கு இலாகாவோடு நின்றிருக்கும். 1955-இல் கடுந்தலைவலியோடு ஒரு மார்வாடி வந்தார்.

சத்ய நாராயண் கோயங்கா 1924-இல் மாண்டலேயில் பிறந்தவர். முப்பது வயதுக்குள் பெரிய வியாபாரி. இந்திய சமூகத்தின் சங்கங்களில் எல்லாம் முக்கியப் புள்ளி. பணம் வரவர முன்கோபமும் படபடப்பும் வளர்ந்தன. அவற்றோடு ஒற்றைத் தலைவலியும் வளர்ந்தது. வலி வந்தால் மார்ஃபின் ஊசி ஒன்றுதான் கேட்கும். இப்படியே போனால் ஊசிக்கே அடிமையாகிவிடுவீர்கள் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று வைத்தியம் தேடி அலைந்தார். போனதைவிட மோசமாகத் திரும்பினார்.

ஊ சான் டூன் என்ற நண்பர் பா கின்னிடம் போகச் சொன்னார். அவர் சாதாரண நண்பர் இல்லை, உச்சநீதிமன்ற நீதிபதி. கோயங்காவும் போனார். பா கின் அவரை அன்பாக வரவேற்று உட்காரவைத்தார். தலைவலிக்கு வைத்தியம் வேண்டும் என்றதும் முகம் மாறியது. இது ஆஸ்பத்திரி இல்லை. தலைவலி போக்க வருவதென்றால் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆசாரமான இந்துக் குடும்பத்துப் பிள்ளைக்கோ வேறு பயம்: உள்ளே போனால் பௌத்தனாக்கிவிடுவார்களோ? சில மாதங்கள் தயங்கிவிட்டு, மனம் சுத்தமாகட்டும், தலைவலி போனால் போகட்டும் என்று பத்து நாளுக்குப் பெயர் கொடுத்தார். இரண்டாம் நாளே மூட்டையைக் கட்டினார்.

கூடப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்மணி, இன்னும் ஒரே ஒரு நாள் பாருங்கள் என்று தடுத்தார். அந்த ஒரு நாள்தான் எல்லாவற்றையும் மாற்றியது. முதலில் மூக்குத் துவாரத்தில் மூச்சு வந்துபோவதை மட்டும் கவனிக்க வேண்டும். மனம் கூர்மையானதும் தலையிலிருந்து கால்வரை உடம்பை மனத்தால் தடவிப் பார்க்க வேண்டும். எங்கோ அரிப்பு, எங்கோ சூடு, எங்கோ வலி. எதையும் விரட்டக்கூடாது, எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. கோபம் வந்தால் மார்பு படபடக்கிறது, மூச்சு தடிக்கிறது. கோபத்துக்குக் காரணமானவனை விட்டுவிட்டு அந்தப் படபடப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் அது எழும், நிற்கும், கரையும். வித்தை இவ்வளவுதான். சொல்வது சுலபம், பத்து நாள் செய்வது பெரும்பாடு. கோயங்காவுக்கு முன்கோபம் தணிந்தது. கேட்காமலே தலைவலியும் போனது. ஊசி நின்றது. பதினான்கு ஆண்டுகள் பா கின்னை விட்டு அவர் நகரவில்லை. அதற்குள் பர்மா நகர்ந்துவிட்டது.

1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். தொழில்களும் கடைகளும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கையிலிருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் பேசப்படும் கதை அது. சென்னைக்கு பர்மா பஜாரும் அத்தோ கடைகளும் வந்த கதையும் அதுதான். கோயங்காவின் ஆலைகளும் பறிபோயின. கவலைப்பட்டுப் படுத்திருக்க வேண்டிய மனிதர், தியானத்துக்கு நேரம் கிடைத்தது என்றார். பின்னாளிலும் அந்த ஆண்டுகளைப் பொற்காலம் என்றே சொன்னார். அப்போது பம்பாயிலிருந்து சேதி வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

நரம்பு சம்பந்தமான நோய். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நாள் பயிற்சி கொடுத்தால் குணம் தெரியும் என்று மகன் நம்பினார். வெளிநாடு போக பாஸ்போர்ட் குதிரைக்கொம்பாக இருந்த காலம், எப்படியோ கிடைத்தது. இந்தியாவுக்குப் போய்க் கற்பிக்க வேண்டும் என்பது பா கின்னின் நெடுநாள் ஆசை. புத்தர் கொடுத்ததை அவர் நாட்டுக்கே திருப்பித் தரும் கடன் என்பார். அவருக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவே இல்லை. கோயங்காவை ஆசிரியராக அறிவித்து அனுப்பிவைத்தார். 1969 ஜூன் 22, கோயங்கா விமானம் ஏறினார். அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

ஜூலை 3. பம்பாய் பஞ்சாயத்வாடி தர்மசாலையில் அம்மா, அப்பா உட்பட 14 பேர் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். தீபா மன்னரை நாடுகடத்திய அதே கொங்கணக் கரைக்கு, மன்னர் இல்லாததால் பிறந்த வித்தை 84 ஆண்டுகள் கழித்து வந்து இறங்கியிருந்தது. பத்து நாள் முடிந்தது. வந்தவர்கள் தங்கள் உறவினர்களுக்கும் வேண்டும் என்றார்கள். அடுத்த முகாம் மெட்ராஸில். பிறகு வடக்கே. கோயங்காவுக்குச் சொந்தமாக ஒரு இடமும் கிடையாது; சத்திரமோ கோயில் மண்டபமோ, கிடைத்த இடத்தில் நடத்தினார். இந்தியாவைச் சுற்றிக்கொண்டிருந்த ஹிப்பிகளும் வந்து சேர்ந்தார்கள். குரு பா கின் 1971 ஜனவரியில் ரங்கூனில் காலமானார். திரும்பிப் போக இனி யாருக்காக?

1975-இல் இன்னொரு கதவு. ராஜஸ்தான் உள்துறைச் செயலர் ராம் சிங், ஜெய்ப்பூர் மத்திய சிறையில் முகாம் நடத்தக் கேட்டுக்கொண்டார். விலங்கு பூட்டிய கைதிகளை அதிகாரிகள் அப்படியே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். கோயங்கா மறுத்துவிட்டார், விலங்கோடு இருப்பவருக்கு நான் எப்படிச் சொல்லித்தருவேன்? அதிகாரிகள் நடுங்கினார்கள். கடைசியில் விலங்கு கழன்றது, அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக இருந்தபோது, திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் மௌனமாக உட்கார்ந்தார்கள்.

நாசிக் பக்கத்தில் இகத்புரி குன்றின்மேல் 1976-இல் பயிற்சி தொடங்கிய தம்மகிரியிலும், சென்னையை ஒட்டித் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேதுவிலும் இன்று விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கிறது. செல்போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். பேச்சு இல்லை, புத்தகம் இல்லை, புதிதாக வருகிறவர்களுக்கு மாலையில் பழமும் தேநீரும்தான். கட்டணம் கிடையாது, முடித்தபின் விருப்பப்பட்டால் நன்கொடை. தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. பத்தாம் நாள் காலை மௌனம் கலைகிறது. காதலில் தோற்றவர்களும், வேலை போனவர்களும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் தேடிப் போகிற விபஸ்ஸனா முகாம் இதுதான். உலகெங்கும் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. 2013-இல் காலமான கோயங்காவின் குரல்தான் ஒலிப்பதிவில் இன்னும் பாடம் சொல்கிறது.

அரசு ஊழியர்கள் இந்த முகாமுக்குப் போய்வர, சம்பளத்தோடு லீவு தருவதென்று மகாராஷ்டிர அரசு ஆணையே போட்டிருக்கிறது.