எரிபற்றல் நேரம் பொருத்துதல்: யாழ்ப்பாணக் குடாநாட்டு வரலாறு

பெற்றோல் எஞ்சினில் பிளக் எந்தக் கணத்தில் பொறி தட்ட வேண்டும் என்று வகுத்து வைப்பது எரிபற்றல் நேரம் பொருத்துதல் ஆகும். கராஜ்களில் இதை 'ரைமிங் வைக்கிறது' என்பார்கள். கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கும். ஆகவே பிஸ்ரன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். அப்போதுதான் பிஸ்ரன் உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கும் வேளையில் அமுக்கம் முழு வலுவோடு அதைத் தள்ளும். எவ்வளவு முன்பு என்பதைச் சுழல்தண்டின் பாகைக் கணக்கில் சொல்வது வழக்கம். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு பாகை என்பது ஒரு செக்கனின் 18,000இல் ஒரு பங்கு.

பொறி முந்தினால் எஞ்சின் தட்டும், பிந்தினால் இழுவை குறைந்து சூடேறும். ஆதிகால மோட்டார்களில் இந்த முந்துகையை ஓட்டுபவரே ஒரு நெம்புகோலால் கூட்டியும் குறைத்தும் வந்தார். 1910ஆம் ஆண்டு கடிலாக் காருக்காக சார்ள்ஸ் கெற்றரிங் அமைத்த பற்றரி, கொயில், பொயின்ற் முறை உலகெங்கும் பரவியது. பின்னாளில் வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கும் சுழல் எடைகளும் வெற்றிட உறையும் டிஸ்ரிபியூற்றரோடு சேர்ந்தன. நெம்புகோல் மறைந்தது. அடிப்படை நேரத்தை மட்டும் கையால் வைக்க வேண்டியிருந்தது.

குடாநாட்டின் கதை பிரித்தானியக் கார்களோடு தொடங்குகிறது. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 டெவன், 1952இன் சோமர்செற், 1954இன் கேம்பிரிட்ஜ், இவற்றோடு மொரிஸ் மைனர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் இலங்கையில் கார் இறக்குமதி ஒடுங்கியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருந்ததைத் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. தெற்கில் அதன் பிறகு யப்பான் கார்கள் பெருகின. யாழ்ப்பாணத்திலோ போர் குறுக்கிட்டது. ஏ 40 அங்கே வாடகைக் காராகவும் கல்யாணக் காராகவும் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடியது.

இவற்றைக் கிழட்டுக் கார்கள் என்று தள்ளுபவர்கள் ஒன்றை அறிவதில்லை. மொரிஸ் மைனர் 1000இன் 948 சிசி எஞ்சின்தான் 1958இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் என்ற பந்தயச் சாயல் காருக்கும் போனது. ரேர்போ எதுவும் கிடையாது. தானாகக் காற்றை உறிஞ்சும் அதே எஞ்சின். இரட்டைக் காபரேற்றரும் இன்னும் சில மாற்றங்களும் சேர்ந்து 37 குதிரைவலுவை 43 ஆக்கின. ஏ 50 கேம்பிரிட்ஜின் 1,489 சிசி எஞ்சின் குடும்பம் எம்.ஜி. ஏ காரிலும் இருந்தது.

இந்த எஞ்சின்களுக்கு ரைமிங் வைக்கும் முறையும் எளியது. முதலாம் சிலிண்டரை அமுக்க அடிப்பின் உச்சிக்குக் கொண்டுவந்து, கப்பியிலுள்ள வெட்டை எஞ்சின் முகப்புக் குறியோடு ஒப்பிட வேண்டும். பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. டிஸ்ரிபியூற்றர் முனைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சிறு பல்பைத் தொடுத்துவிட்டு டிஸ்ரிபியூற்றரை மெல்லத் திருப்பினால், பொயின்ற் விலகும் கணத்தில் பல்பு எரியும். லூக்காஸ் டிஸ்ரிபியூற்றர் பலவற்றின் பக்கத்தில் விரலால் திருகும் சிறிய நட்டு ஒன்று உண்டு. ஒரு புறம் முந்தல், மறுபுறம் பிந்தல். கடைசித் திருத்தத்தைத் தெருவில் ஓட்டிப் பார்த்துக் காதால் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மெல்லிய தட்டல் கேட்டு உடனே மறைந்தால் சரி.

இந்தக் கைவேலை உயிர்நாடியானது 1990இல். அந்த ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டது. தெற்கிலிருந்து வந்த லக்ஸபான நீர்மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் வராமற் போயின. மட்டுப்படுத்திய அளவில் மண்ணெண்ணெய் வந்தது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதில் ஓடத் தொடங்கின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடேறும்வரை அது தாங்கும், பிறகு மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். சந்தியில் நிறுத்தி எஞ்சின் குளிர்ந்துவிட்டால் மீண்டும் அந்தச் சின்னப் போத்தல் வெளியே வரும்.

ஸ்ராட் செய்வதோடு சிக்கல் தீரவில்லை. பெற்றோலின் ஒக்ரேன் எண் 90ஐ ஒட்டியது. மண்ணெண்ணெயினது அதில் பாதிக்கும் வெகு கீழே. சூடும் அமுக்கமும் சேர்ந்ததும் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும். கைக்கெட்டும் மருந்து பொறியைப் பிந்தவைப்பதுதான். அதனால் உச்ச அமுக்கம் தணியும், தட்டல் அடங்கும்.

குடாநாட்டாரின் சமயோசிதம் மட்டும்தான் காரணம் என்று இதைப் புகழ்வது வழக்கம். என் கணிப்பில் பாதிப் புகழ் எஞ்சினுக்கும் உரியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் 1953வரை விற்பனையான 'பூல்' பெற்றோலின் ஒக்ரேன் ஏறத்தாழ 70தான். அந்தக் கீழ்த்தர எரிபொருளை மனத்தில் வைத்துப் பிறந்ததால் டெவனின் அமுக்க விகிதம் வெறும் 7.2. உள்ளெடுக்கும் குழாயும் புகைக் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்பதால் மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடும் கிடைத்தது. 1949இல் வந்த பேர்கசன் உழவு இயந்திர வகையொன்று பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெய் இன எரிபொருளுக்கு மாறும்படியே செய்யப்பட்டிருந்தது. குடாநாடு மேடுபள்ளமற்ற தரை என்பதும் உதவி. பிந்திய ரைமிங்கோடு கண்டி மலையில் ஏறியிருக்க முடியாது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பிந்திய பொறியால் புகைவழி வால்வுகள் கருகின, பிளக்கில் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கியது. ஒயிலும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. பின்னால் போகிறவர் கண்ணெரிய, நாசியில் அடுப்படி வாசம் ஏற, அந்தப் புகையைக் கடந்துதான் சைக்கிளை மிதித்தார்.

2002 போர்நிறுத்தத்தோடு, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ 9 வீதி திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தது. பொறிகள் பழைய பாகைக்கு முந்தின. 2006 ஓகஸ்ற்றில் வீதி மறுபடி மூடப்பட்டது. போர் முடிந்தபின் வந்த கார்களில் டிஸ்ரிபியூற்றரே இல்லை. தட்டலை உணரும் கருவி ஒன்று செய்தி சொல்ல, கணினி பொறியைத் தானே பிந்தவைக்கிறது. திருகுவதற்கு நட்டு இல்லை.

மண்ணெண்ணெய்க்கு இருந்த மலிவும் போயிற்று: 2022 ஓகஸ்ற்றில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.